களை எவ்வளவு, இழப்பு எவ்வளவு? இயற்கை வயலுக்கும் ரசாயன வயலுக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் ரோடேல் நிறுவனம் 1981-இல் ஒரு நீண்டகால வயல் சோதனையைத் தொடங்கியது. ஒரே பண்ணையில் மூன்று விதமான சாகுபடி. ஒன்றில் ரசாயன உரமும் களைக்கொல்லியும், இன்னொன்றில் தொழு உரம், மூன்றாவதில் மண்ணிலேயே மடக்கி உழும் பயறு வகைப் பசுந்தாள் பயிர். பின்னிரண்டும் இயற்கை முறை. அதன் 27 ஆண்டுத் தரவுகளை வைத்து 2009-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. தொழு உரம் இட்ட இடத்தில் களையின் எடை ரசாயன வயலில் இருந்ததைப் போல ஏறக்குறைய 4 மடங்கு, பசுந்தாள் இட்ட இடத்தில் 7 மடங்கு. ஆனால் மக்காச்சோள விளைச்சல் மூன்றிலும் சராசரியாக ஒன்றுபோலவே இருந்தது.

இதை முதலில் படித்தபோது நம்ப முடியாமல் இரண்டு மூன்று முறை படித்தேன். வயலைத் துடைத்து வைத்தாற்போல வைத்திருப்பதுதான் நல்ல விவசாயம் என்றே நாம் பழகியிருக்கிறோம். இந்தச் சோதனை வேறொன்றைக் காட்டுகிறது. வயலில் எவ்வளவு களை தெரிகிறது என்பதும், அதனால் எவ்வளவு விளைச்சல் போகிறது என்பதும் இரண்டு தனித்தனிக் கேள்விகள். எந்தக் களை, எப்போது முளைத்தது, மண்ணில் பயிருக்கு என்ன மிச்சம் இருக்கிறது என்ற மூன்றையும் பார்க்காமல் இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது.

அதற்காகக் களையால் கெடுதல் இல்லை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். களை பிடுங்காப் பயிர் கால் பயிர் என்று சும்மா சொல்லவில்லை. உலக அளவில் தடுப்பு எதுவும் செய்யாமல் விட்டால் பயிர்களுக்கு வரக்கூடிய இழப்பில் களையின் பங்குதான் பெரியது. 2006-இல் வந்த ஒரு மதிப்பீடு, களையால் மட்டுமே விளைச்சலில் 34 சதவீதம் போகலாம் என்கிறது. பூச்சியும் நோயும் தனித்தனியே அதில் பாதியளவுதான். எனவே பயப்படவும் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். அளந்து பார்த்து, இழப்பு எங்கே இருக்கிறதோ அங்கே உழைப்பைக் கொடுப்போம். இந்த வழிகாட்டி முழுக்க அதைப் பற்றித்தான்.

தொடங்கும் முன்: விளைச்சல் இடைவெளி எதனால் வருகிறது?

இயற்கை வேளாண்மையில் விளைச்சல் குறையுமா? பெரும்பாலும் குறைகிறது. நூற்றுக்கணக்கான ஒப்பீடுகளைத் தொகுத்து 2012-இல் வந்த ஓர் ஆய்வில், பயிரையும் நிலத்தையும் பராமரிப்பையும் பொறுத்து 5 முதல் 34 சதவீதம் வரை குறைவு இருந்தது. 2015-இல் வந்த இன்னொரு தொகுப்பாய்வு சராசரிக் குறைவை 19 சதவீதம் என்று கணக்கிட்டது. ஆனால் இயற்கை வயலில் பல பயிர் சேர்த்து வளர்த்த இடங்களிலும், பயிர் சுழற்சி செய்த இடங்களிலும் அந்த இடைவெளி 8, 9 சதவீதமாகச் சுருங்கியது. அந்த வித்தியாசத்தைக் கவனியுங்கள். பராமரிப்பு மாறினால் இடைவெளியில் பாதி காணாமல் போகிறது.

சரி, மிச்ச இடைவெளிக்கு யார் காரணம்? அமெரிக்க வேளாண் துறை மேரிலாந்து மாநிலத்தின் பெல்ட்ஸ்வில்லில் 1996-இல் தொடங்கிய சோதனை இதற்கு மிகத் தெளிவான பதிலைத் தருகிறது. அங்கே இயற்கை முறையில் மக்காச்சோளம் 24 முதல் 41 சதவீதம் வரை குறைந்தது. சுழற்சி நீளநீளக் குறைவு சிறிதானது. அந்தக் குறைவில் 70 முதல் 75 சதவீதம் தழைச்சத்து (நைட்ரஜன்) பற்றாக்குறையால் வந்தது. களையின் பங்கு 21 முதல் 25 சதவீதம்தான். அதே வயல்களில் சோயா மொச்சை 19 சதவீதம் குறைந்தது. அந்தக் குறைவு முழுவதற்கும் களையே காரணம்.

யோசித்தால் புரிந்துவிடும். சோயா தன் தழைச்சத்தைத் தானே வேர் முடிச்சில் தயாரித்துக்கொள்கிறது. அதற்குப் பசி பிரச்சினை இல்லை, வெளிச்சத்துக்கும் நீருக்கும் வரும் போட்டிதான் பிரச்சினை. மக்காச்சோளத்துக்கு முதலில் பசி, பிறகுதான் போட்டி. ஆகவே, தானியப் பயிரில் விளைச்சல் குறைந்தால் உடனே களையைத் திட்டாதீர்கள், உரத்தையும் பாருங்கள். பயறு வகையில் குறைந்தால் முதலில் களையைப் பாருங்கள்.

முதல் படி: யார் வந்திருக்கிறார்கள் என்று பாருங்கள்

ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வயலைக் குறுக்கும் நெடுக்குமாக நடந்து வாருங்கள். எல்லாக் களையின் பெயரும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. மூன்று விஷயங்கள் தெரிந்தால் போதும். ஒன்று, அது விதையில் வருகிறதா, கிழங்கு அல்லது தண்டில் வருகிறதா? சாரணை, குப்பைக்கீரை, பார்த்தீனியம் போன்றவை விதையில் வருபவை. கோரையும் அருகும் மண்ணுக்குள் கிழங்கும் தண்டும் வைத்திருப்பவை. இரண்டு, அது பயிரைவிட உயரமாக வளருமா, கீழேயே படருமா? மூன்று, பயிரோடு சேர்ந்து முளைத்ததா, பிந்தி முளைத்ததா?

இரண்டாவது கேள்வியைப் பலர் கவனிப்பதில்லை. பிரான்சில் குளிர்காலத் தானிய வயல்களில் நடந்து 2019-இல் வெளியான ஓர் ஆய்வில், களையெடுக்காத இடங்களில் ஆறு விதமான களைக் கூட்டங்கள் கண்டறியப்பட்டன. அவற்றில் நான்குதான் விளைச்சலைக் குறிப்பிடும்படி குறைத்தன. குறைவு 19 முதல் 56 சதவீதம் வரை. மற்ற இரண்டால் குறிப்பிடத்தக்க இழப்பு இல்லை. பல இனங்கள் கலந்து, எதுவும் ஓங்கி நிற்காமல் இருந்த இடத்தில் இழப்பு குறைவு. ஓரிரு வலுவான இனங்கள் ஆட்டம் போட்ட இடத்தில் இழப்பு அதிகம். ஆகவே, உங்கள் வயலில் ஒரே ஒரு களை பாதிக்கு மேல் பரவியிருந்தால், அதுதான் உண்மையான எச்சரிக்கை மணி. பத்து விதமான சின்னக் களைகள் ஆங்காங்கே இருப்பது அவ்வளவு ஆபத்தில்லை.

இரண்டாம் படி: சொந்த வயலில் அளந்து பாருங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு வேலையை மட்டும் செய்வதாக இருந்தால் இதைச் செய்யுங்கள். வெளியூர் ஆய்வு எத்தனை படித்தாலும் உங்கள் மண்ணின் கணக்கு உங்கள் வயலில்தான் கிடைக்கும்.

தேவையானவை குச்சிகள், கயிறு, ஒரு தராசு. வயலின் நடுப்பகுதியில், வரப்போரத்தைத் தவிர்த்து, ஒன்றுபோல இருக்கும் மூன்று இடங்களைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வோர் இடத்திலும் பக்கத்துப் பக்கத்தில் மூன்று சதுரங்கள் வேண்டும். ஒவ்வொன்றும் 2 மீட்டருக்கு 2 மீட்டர். முதல் சதுரத்தில் அறுவடை வரை ஒரு களைகூட இருக்கக் கூடாது, வாரம் ஒரு முறை கையால் பிடுங்கிவிடுங்கள். இரண்டாவது சதுரத்தில் வயலின் மற்ற பகுதிக்கு என்ன செய்கிறீர்களோ அதையே செய்யுங்கள். மூன்றாவதில் களையே எடுக்காதீர்கள், ஆனால் அங்கே களை பூத்து விதை கட்டும் முன் பூத்தலையை மட்டும் கிள்ளிவிடுங்கள். இல்லையென்றால் சோதனைக்காக விட்ட இடம் அடுத்த ஆண்டுகளுக்கு விதைப் பண்ணை ஆகிவிடும்.

அறுவடையின்போது ஒவ்வொரு சதுரத்தின் நடுவிலும் ஒரு சதுர மீட்டரை மட்டும் தனியாக அறுத்து, காயவைத்து எடை போடுங்கள். ஓரத்துச் செடிகளுக்குப் பக்கத்திலிருந்து வெளிச்சமும் சத்தும் கூடுதலாகக் கிடைத்திருக்கும், அதனால்தான் நடுப்பகுதி. மூன்று இடங்களின் சராசரியை எடுத்துக்கொள்ளுங்கள்.

கணக்கு எளிது. களையற்ற சதுரத்தில் 600 கிராம் தானியம், உங்கள் வழக்கப்படி செய்ததில் 540, களையெடுக்காததில் 360 கிராம் என்று வைத்துக்கொள்வோம். களையை அப்படியே விட்டிருந்தால் 40 சதவீதம் போயிருக்கும். நீங்கள் செய்த வேலை அதில் பெரும்பகுதியைக் காப்பாற்றிவிட்டது, இன்னும் 10 சதவீதம்தான் போகிறது. அந்த 10 சதவீதத்தைப் பிடிக்க மூன்றாவது களையெடுப்புக்கு ஆள் விட வேண்டுமா என்று இப்போது நீங்கள் நிதானமாக முடிவெடுக்கலாம். பல நேரம் வேண்டாம் என்றே வரும்.

பக்கத்திலேயே ரசாயன முறையில் அதே ரகம், அதே பட்டத்தில் நிற்கும் வயல் இருந்தால், இன்னும் ஒரு படி மேலே போகலாம். அங்கேயும் ஒரு களையற்ற சதுரம் வையுங்கள். அங்கே 650 கிராம் வந்து, உங்கள் களையற்ற சதுரத்தில் 570-உம், வழக்கமான சதுரத்தில் 530-உம் வந்தால், மொத்த இடைவெளி 120 கிராம். அதில் 80 கிராம் களையே இல்லாதபோதும் வந்த குறைவு. அது சத்துக் குறைவாகவோ, பயிர் எண்ணிக்கைக் குறைவாகவோ இருக்கும். மிச்சம் 40 கிராம்தான் களையால் வந்தது. இப்படிப் பிரித்துப் பார்க்காமல் களையெடுப்பிலேயே கூடுதல் செலவைக் கொட்டுபவர்களைப் பார்க்கும்போது மனசு கஷ்டப்படுகிறது. மூன்றில் இரண்டு பங்கு ஓட்டை உரத்தில் இருக்கிறது, அவர்கள் அடைப்பதோ மற்ற ஓட்டையை.

களையையும் எடை போட விரும்பினால், பயிர் முழுதாகப் படர்ந்த நேரத்தில் 50 சென்டிமீட்டர் சதுரச் சட்டத்தைப் போட்டு, உள்ளே இருக்கும் களையை வெட்டிக் காயவைத்து எடை பார்த்து, நான்கால் பெருக்கினால் ஒரு சதுர மீட்டர் கணக்கு வந்துவிடும். எண்ணிக்கையைவிட எடைதான் உண்மையைச் சொல்லும். நூறு குட்டிச் செடிகளைவிட இடுப்பளவு வளர்ந்த நான்கு குப்பைக்கீரைச் செடிகள் அதிகம் பறிக்கும்.

இங்கே ஒரு முக்கியமான விஷயம். களை இரட்டிப்பானால் இழப்பும் இரட்டிப்பாகும் என்று நினைக்கத் தோன்றும். அப்படி நடப்பதில்லை. முதலில் வரும் கொஞ்சம் களைதான் ஒவ்வொன்றும் அதிகமாகப் பறிக்கிறது. நெருக்கம் கூடக்கூடக் களைகள் தங்களுக்குள்ளேயே அடித்துக்கொள்வதால், கூடுதலாக வரும் ஒவ்வொரு செடியும் சேர்க்கும் இழப்பு குறைந்துகொண்டே போகிறது. இதன் மறுபக்கம்தான் விவசாயிக்குக் கசப்பானது. காடாகக் கிடக்கும் வயலில் பாதிக் களையை எடுத்தால் பாதி இழப்பு மீளாது, அதைவிடக் குறைவாகத்தான் மீளும். எடுத்தால் சரியான நேரத்தில் பெரும்பகுதியை எடுக்க வேண்டும்.

மூன்றாம் படி: விதைக்கும் முன்பே ஒரு சுற்றை முடியுங்கள்

மண்ணுக்குள் கிடக்கும் விதைகளின் பொறுமையைக் குறைத்து எடைபோடாதீர்கள். 1879-இல் அமெரிக்காவின் மிச்சிகனில் வில்லியம் பீல் என்ற தாவரவியலாளர் விதைகளை மணலோடு கலந்து பாட்டில்களில் அடைத்துப் புதைத்து வைத்தார். அதில் ஒரு பாட்டிலை 2021-இல் தோண்டி எடுத்தபோதும் ஓர் இனத்தின் விதைகள் முளைத்தன. எல்லாக் களையும் அப்படி இல்லை, பல புல் விதைகள் சில ஆண்டுகளில் செத்துவிடும். ஆனாலும் மண்ணுக்குள் சேர்ந்து கிடக்கும் இந்த விதை வங்கியை ஒரே பருவத்தில் காலி செய்ய முடியாது. மேல்மண்ணில் முளைக்கத் தயாராக இருப்பதை மட்டும் முதலில் செலவழிக்கலாம்.

நிலத்தை விதைப்புக்குத் தயாரானதுபோலவே முழுதாகத் தயார் செய்யுங்கள். பிறகு விதைக்காமல் ஒரு தண்ணீர் விட்டு 10 முதல் 15 நாள் காத்திருங்கள். களை முளைக்கும். அது இரண்டு மூன்று இலை விடுவதற்குள் மேலாக மட்டும் கிளறி அழித்துவிடுங்கள். இந்தக் கிளறல் இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆழத்தைத் தாண்டக் கூடாது. ஆழமாக உழுதால் கீழே உறங்கும் புதுக் கூட்டத்தை மேலே கொண்டுவந்து விடுவீர்கள், செய்த வேலை வீண். நேரம் இருந்தால் இரண்டு முறை செய்யுங்கள். ரசாயன முறையில் இதே வேலையைக் களைக்கொல்லியால் செய்கிறார்கள், தத்துவம் ஒன்றுதான்.

நாற்றங்கால், காய்கறிப் பாத்தி போன்ற சிறிய இடங்களுக்கு இன்னொரு வழி உண்டு. கடும் வெயில் காலத்தில் ஈரமான மண்ணின் மேல் ஒளி ஊடுருவும் பாலித்தீன் தாளை இறுக்கி மூடி, 4 முதல் 6 வாரம் விடுங்கள். மேல்மண் சூட்டில் பெரும்பாலான சிறு விதைகள் செத்துவிடும். கோரைக் கிழங்கு மட்டும் ஆழத்தில் தப்பித்துக்கொள்ளும்.

நான்காம் படி: பயிரையே போட்டியாளராக ஆக்குங்கள்

இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் பிராட்பாக் என்ற கோதுமை வயல் 1843 முதல் சோதனையில் இருக்கிறது. அதில் ஒரு பகுதிக்கு இன்றுவரை களைக்கொல்லியே அடித்ததில்லை. அந்தப் பகுதியையும் மற்றவற்றையும் ஒப்பிட்டு 2021-இல் வெளியான ஆய்வின்படி, களையால் வரும் இழப்பு 1970-களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காக இருந்தது, சமீபத்திய பத்தாண்டுகளில் பாதியைத் தாண்டியது. கோதுமை ரகங்கள் குட்டையானதும், வெப்பநிலை உயர்ந்ததும் காரணங்களாகச் சொல்லப்பட்டன. குட்டை ரகம் சாயாது, உரத்தை நன்றாக ஏற்கும், எல்லாம் சரிதான். ஆனால் களையை நிழலால் அமுக்கும் திறனை அது இழந்துவிட்டது. களைக்கொல்லி பின்னால் நிற்கும்போது அந்தப் பலவீனம் தெரிவதில்லை.

எனவே இயற்கை முறைக்கு ரகம் தேர்ந்தெடுக்கும்போது சோதனைத் திடலில் காட்டும் உச்ச விளைச்சலை மட்டும் பார்க்காதீர்கள். சீக்கிரம் முளைத்து, அகலமாக இலை விட்டு, மூன்று நான்கு வாரத்தில் தரையை மூடும் ரகம் எது என்று கேளுங்கள். விதை அளவைப் பரிந்துரையைவிடக் கொஞ்சம் கூட்டுவது பெரும்பாலும் பலன் தரும், ஏனென்றால் களையெடுக்கும் கருவி சில பயிரையும் சேர்த்துத்தான் எடுக்கும். வரிசை நேராக இருக்கட்டும். வரிசை கோணினால் அந்தப் பருவம் முழுக்கக் கருவி ஓட்ட முடியாது. நாற்று விட்டு நடக்கூடிய பயிரை நேரடியாக விதைக்காதீர்கள். மூன்று வார நாற்று என்றால் களையைவிட மூன்று வாரம் முன்னால் ஓடத் தொடங்குகிறீர்கள். நெல்லில் நடவுக்குப் பின் ஐந்து சென்டிமீட்டர் அளவு நீர் நிற்பது, முளைக்க வரும் புல்வகைக் களைகளைப் பெருமளவு அடக்கும்.

ஐந்தாம் படி: முதல் மூன்றில் ஒரு பங்கு நாட்கள்

விளைச்சல் போவதும் நிற்பதும் இங்கேதான் தீர்மானமாகிறது. பெரும்பாலான பருவப் பயிர்களுக்கு, மொத்த வயதின் முதல் மூன்றில் ஒரு பங்கு வரை வயல் களையில்லாமல் இருந்தால் போதும். 100 நாள் பயிர் என்றால் ஏறக்குறைய 35 நாள். அதற்குப் பிறகு முளைக்கும் களை பயிரின் நிழலில் நோஞ்சானாக நிற்கும், பார்க்க அசிங்கமாக இருக்கலாம், விளைச்சலைப் பெரிதாகத் தொடாது. வெங்காயம், பூண்டு போல இலை ஒல்லியாக இருந்து தரையை மூடவே மூடாத பயிர்கள் இதற்கு விலக்கு. அவற்றுக்கு ஏறக்குறைய கடைசி வரை கவனம் வேண்டும். பருத்தி, கரும்பு போன்ற மெதுவாகத் தொடங்கும் பயிர்களுக்கும் இரண்டு மூன்று மாதம் தேவைப்படும்.

முதல் களையெடுப்பை எப்போது செய்வது? களை கண்ணுக்கு நன்றாகத் தெரிந்த பிறகு என்பது பழக்கம். அது தாமதம். விரலால் மேல்மண்ணைக் கீறிப் பாருங்கள். வெள்ளை நூல் போல முளைகள் தெரிந்தால், இலை வெளியே வராத அந்த நிலையில் களை மிகவும் பலவீனமானது. மண்ணை லேசாகக் கலைத்தாலே காய்ந்து செத்துவிடும். விதைத்து ஐந்தாறு நாளில், பயிர் தரையைப் பிளக்கும் முன், பல் கலப்பையையோ முள் பரம்பையோ மேலோட்டமாக ஓட்டும் வழக்கம் இதற்காகத்தான். பயிர் விதை களை விதையைவிட ஆழத்தில் இருந்தால்தான் இது சாத்தியம், ஆகவே விதைப்பு ஆழத்தை அதற்கேற்ப வைத்திருக்க வேண்டும்.

அடுத்த ஓட்டம் 12 முதல் 15 நாளில். அதற்கடுத்தது 25 முதல் 30 நாளில். நடவு நெல்லுக்கு 10, 12-ஆம் நாளில் கோனோவீடர் என்ற கையால் தள்ளும் களைக்கருவியில் தொடங்கி, பத்து நாள் இடைவெளியில் இரண்டு மூன்று முறை. மானாவாரிப் பயிருக்குச் சக்கரக் களைக்கொத்தியோ, எஞ்சினில் ஓடும் பவர் வீடரோ போதும். வெயில் இருக்கும் காலையில் ஓட்டுங்கள், மண் மேலாகக் காய்ந்திருக்க வேண்டும். ஓட்டிய மாலையே மழை வந்தால் பிடுங்கிய களையில் பாதி மறுபடி வேர் பிடிக்கும். வரிசைக்குள், பயிரை ஒட்டி நிற்கும் களையைக் கருவி தொடாது. அதற்குத்தான் ஆள் வேண்டும். கருவி முன்னால் போய் ஆள் பின்னால் போனால், ஆள் தேவை வெகுவாகக் குறையும்.

மழை விடாமல் பெய்து ஓர் ஓட்டம் தவறிப் போகும். இயற்கை விவசாயத்தில் இதுதான் பெரிய ஆபத்து, ரசாயன முறைக்கு இந்த விஷயத்தில் உண்மையான சாதகம் இருக்கிறது. அதனால் கருவியும் ஆளும் கிடைக்கும் நாளை வைத்து முழு நிலத்தையும் ஒரே நாளில் விதைக்காமல், நான்கைந்து நாள் இடைவெளியில் பகுதி பகுதியாக விதைப்பது நல்லது.

ஆறாம் படி: உரம் பயிருக்கா, களைக்கா?

பொதுவாகக் களை விதைகள் மிகச் சிறியவை. கையிருப்பு இல்லாததால் முளைத்த உடனே மண்ணில் கரைந்திருக்கும் தழைச்சத்தை உறிஞ்சத் தொடங்கும். மக்காச்சோளம், பயறு போன்ற பெரிய விதைக்காரர்களுக்கு முதல் பத்து நாளுக்குத் தாய் கொடுத்த சாப்பாடு இருக்கிறது. விதைக்கும்போதே வேகமாகக் கரையும் உரத்தை வயல் முழுக்க இறைத்தால், அதை முதலில் சாப்பிடுவது களைதான். உரத்தைப் பயிர் வரிசையை ஒட்டி மண்ணுக்குள் இடுவதும், மேலுரத்தைக் களையெடுத்த மறுநாள் இடுவதும் இரண்டு முறைக்குமே பொருந்தும்.

ரோடேல் வயலில் 4 மடங்கு, 7 மடங்கு களையோடு பயிர் தாக்குப்பிடித்ததை விளக்க 2010-இல் ஒரு கருதுகோள் முன்வைக்கப்பட்டது. தொழு உரம், பசுந்தாள், பலவிதப் பயிர் மிச்சங்கள் என்று மண்ணுக்குள் போகும் சத்து பல வடிவங்களில் பல வேகத்தில் வெளியாகிறது. பயிரும் களையும் ஒரே பாத்திரத்தில் கை வைக்காமல் வேறு வேறு பாத்திரத்தில் சாப்பிட வாய்ப்பு உண்டாகிறது, போட்டி தணிகிறது. இது முழுதாக நிரூபிக்கப்பட்ட முடிவு அல்ல, கருதுகோள்தான். ஆனால் எருவை ஒரே வகையாக இடாமல் பலவகையாகக் கலந்து இடுவதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை.

தொழு உரத்தோடு ஓர் எச்சரிக்கை. சரியாக மட்காத எரு என்பது களை விதை மூட்டை. மாட்டின் வயிற்றைக் கடந்தும் பல விதைகள் உயிரோடு வரும். குவியலின் உள்ளே 55 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு ஏறி, இரண்டு வாரமாவது அந்தச் சூடு நீடிக்க வேண்டும். அதற்குள் ஐந்து முறையாவது புரட்டிப்போட்டு, வெளிப்பக்கம் இருந்தது உள்ளே போகும்படி பார்த்துக்கொள்ளுங்கள். மட்காத எருவைப் போட்டு, முன்பு இல்லாத களையை நானே என் நிலத்துக்குக் கொண்டுவந்த ஆண்டை இன்னும் மறக்கவில்லை.

மண்வளமும் களையும் எவ்வளவு பின்னிக் கிடக்கின்றன என்பதற்குச் சுடுமல்லி நல்ல உதாரணம். சோளம், மக்காச்சோளத்தின் வேரில் ஒட்டி உறிஞ்சும் இந்த ஒட்டுண்ணிக் களை தழைச்சத்துக் குறைந்த மண்ணில்தான் கொடூரமாகப் பெருகும். கென்யாவில் மக்காச்சோளத்துக்கு இடையே டெஸ்மோடியம் என்ற பயறு வகைச் செடியை வளர்க்கிறார்கள். அதன் வேரிலிருந்து கசியும் பொருட்கள் சுடுமல்லியை ஒட்டவிடாமல் தடுக்கின்றன. கூடவே மண்ணுக்குத் தழைச்சத்தும் கிடைக்கிறது.

ஏழாம் படி: கோரையும் அருகும்

இவை தனிப் போராட்டம். உலகின் மிக மோசமான களை என்று களையியலாளர்கள் கோரையைத்தான் முதலில் வைத்தார்கள். வெட்ட வெட்டக் கிழங்கிலிருந்து மறுபடி வரும், ஒரு தடவை உழுது துண்டாக்கினால் பெருகவே செய்யும். ஆனால் அதற்கு ஒரு பலவீனம் உண்டு, நிழலைத் தாங்காது. புதுத் தளிர் வந்து, கிழங்கின் கையிருப்பு குறைந்து, இலை மறுபடி சம்பாதிக்கத் தொடங்கும் முன் வெட்டுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, ஒரு பருவம் முழுக்க. பிறகு தட்டைப்பயறு, சணப்பை போன்ற நெருக்கமாக மூடும் பயிரைப் போடுங்கள். கோடையில் காய்ந்த மண்ணைப் புரட்டிக் கிழங்கை வெயிலில் வாட்டுவதும் அருகின் தண்டைப் பொறுக்கி வெளியேற்றுவதும் உதவும். ஒரு பருவத்தில் தீராது என்பதை முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

எட்டாம் படி: சுழற்சியும் மூடாக்கும்

ஒரே பயிரை ஒரே பட்டத்தில் திரும்பத் திரும்பப் போட்டால், அந்தப் பயிரின் நாட்காட்டிக்குப் பொருந்திய களை மட்டும் தங்கிப் பெருகும். புல்வகைப் பயிருக்குப் பின் பயறு, பருவப் பயிருக்குப் பின் அடிக்கடி அறுக்கும் தீவனப் பயிர் என்று நேரத்தையும் வேலையையும் மாற்றுங்கள். தீவனப் பயிரை அறுக்கும்போது களையும் பூக்கும் முன் அறுபடுகிறது.

மண்ணின் மேல் தழையைப் பரப்பி மூடாக்கு போடுவதாக இருந்தால் தடிமனாகப் போடுங்கள். ரை என்ற குளிர்காலத் தானியத்தை வளர்த்து உருளையால் சாய்த்து அதன் மேலேயே விதைக்கும் முறையில், ஹெக்டேருக்கு 8,000 கிலோ அளவு உலர்ந்த தழையாவது இருந்தால்தான் களை நன்றாக அடங்குகிறது. மெல்லிய மூடாக்கு ஈரத்தைக் காத்து, களையையும் சேர்த்து வளர்த்துவிடும்.

களைக்கொல்லி அடிப்பவர்களுக்கு

மேலே சொன்னதில் பெரும்பகுதி உங்களுக்கும் பொருந்தும், இன்னும் அவசரமாகவே பொருந்தும். 2,4-டி என்ற களைக்கொல்லி 1940-களின் நடுவில் விற்பனைக்கு வந்தது, கிளைபோசேட் 1974-இல். கிளைபோசேட்டைத் தாங்கும் பயிர்கள் வந்த அதே 1996-இல் ஆஸ்திரேலியாவில் அந்த மருந்துக்கு அடங்காத புல் கண்டறியப்பட்டது. இன்று ஏதாவது ஒரு களைக்கொல்லியை எதிர்த்து நிற்கும் களைகள் 250 இனங்களுக்கு மேல் பதிவாகியிருக்கின்றன. ஒரே செயல்முறை கொண்ட மருந்தை ஆண்டுதோறும் அடிக்காதீர்கள். பெயர் வேறாக இருந்தாலும் செயல்முறை ஒன்றாக இருக்கலாம், லேபிளில் உள்ள குழு எண்ணைப் பாருங்கள். அளவைக் குறைத்து அடிப்பது தப்பிப் பிழைப்பவற்றை வளர்த்துவிடும். அடித்த பின் இரண்டு வாரம் கழித்து வயலில் நடந்து, சாகாமல் நிற்கும் செடியைக் கையால் பிடுங்குங்கள். ஒரு பருவமாவது மருந்துக்குப் பதில் கருவி ஓட்டிப் பாருங்கள்.

மாறும் ஆண்டுகளுக்கு ஒரு கணக்கு

ரசாயனத்திலிருந்து இயற்கைக்கு மாறும் முதல் சில ஆண்டுகள் கடினம். ரோடேல் சோதனையின் முதல் ஐந்து ஆண்டுகளில் ரசாயன மக்காச்சோளம் ஹெக்டேருக்கு 5,903 கிலோ, தொழு உரப் பகுதி 4,222, பசுந்தாள் பகுதி 4,743. அந்த மாற்றக் காலத்துக்குப் பிறகு மூன்றும் 6,400, 6,500 என்று நெருங்கிவிட்டன. வறட்சி வந்த ஆண்டுகளில் இயற்கைப் பகுதிகள் 7,000 கிலோவை ஒட்டி நிற்க, ரசாயனப் பகுதி 5,333 கிலோவில் நின்றது. இயற்கை மண்ணில் நீர் தங்கும் திறன் கூடியிருந்தது. எல்லா இடத்திலும் இப்படி வரும் என்று வாக்குக் கொடுக்க முடியாது, பெல்ட்ஸ்வில் கணக்கை மேலே பார்த்தோம். மொத்த நிலத்தையும் ஒரே நேரத்தில் மாற்றாமல், களை குறைவாக இருக்கும் துண்டு நிலத்தில் தொடங்குங்கள். முதல் பயிராகப் பயறோ தீவனமோ போட்டு, தழைச்சத்துக் கேட்கும் தானியத்தை மூன்றாவது பருவத்துக்கு வையுங்கள்.

அறுவடைக்கு முன் கடைசி நடை

அறுவடைக்கு இரண்டு மூன்று வாரம் இருக்கும்போது வேலை ஓய்ந்திருக்கும், களை இந்தப் பயிரை இனி ஒன்றும் செய்யாது. ஆனால் அப்போதுதான் அது அடுத்த ஆண்டுக்கான விதையைக் கட்டிக்கொண்டிருக்கும். ஒரு பார்த்தீனியச் செடியே பல ஆயிரம் விதை தரும். ஒரு சாக்கோடு உள்ளே இறங்கி, பயிருக்கு மேலே தலை நீட்டி நிற்பவற்றையும் வரப்போரத்தில் பூத்தவற்றையும் பிடுங்கிச் சாக்கில் போட்டு வெளியே கொண்டுவாருங்கள். வரப்பில் போட்டு வைக்காதீர்கள், பிடுங்கிய பிறகும் பல செடிகள் விதையை முற்ற வைத்துவிடும். எங்கெங்கே அதிகம் பிடுங்கினீர்கள் என்று நோட்டில் ஒரு கோட்டுப் படம் போட்டு வையுங்கள், அடுத்த பருவத்தில் முதல் ஓட்டத்தை அந்த இடத்திலிருந்து தொடங்கலாம்.